எந்த மரத்துத் தேன்?

தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர்களுக்கு அரிசி வாங்குவது ஒரு சாஸ்திரம். கடைக்காரர் மூட்டையின் வாயைத் திறந்ததும், உள்ளங்கையில் நாலு மணியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, ஒன்றை வாயில் போட்டுக் கடித்து, "குறுவையா, தாளடியா? புதுசா, பழசா? எந்த ஊர் நெல்?" என்று குறுக்கு விசாரணை செய்யாமல் நாம் ஒரு படி அரிசியும் வாங்கமாட்டோம். சீரகச் சம்பாவுக்கும் கிச்சிலிச் சம்பாவுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுவிட்டால் போதும், நம் வீட்டுப் பாட்டிமார் ஒரு மத்தியானம் முழுவதும் சொல்லுவார்கள். அதே பாட்டிமாரும், அதே நாமும், தேன் வாங்கப் போகும்போது மட்டும் என்ன கேட்கிறோம்? "ஒரு புட்டி தேன் கொடுங்கள்" என்கிறோம். கொஞ்சம் ஜாக்கிரதைக்காரராயிருந்தால், "சுத்தமான தேன்தானே?" என்று சேர்த்துக் கேட்கிறோம். "இல்லை ஸார், கலப்படம்" என்று பதில் சொன்ன கடைக்காரர் இந்தப் பூலோகத்தில் இன்னும் அவதரிக்கவில்லை.

எந்த மரத்துத் தேன், எந்த மலைத் தேன், எந்த மாதத்துத் தேன் என்று கேட்பார் இல்லை. தேன் என்றால் தித்திப்பு. தித்திப்புக்கு ஊரேது, பேரேது என்று இருந்துவிடுகிறோம். இந்த அசிரத்தையினால் நமக்கு நேர்ந்திருக்கும் நஷ்டம் அற்பமானதல்ல என்பது நமது அபிப்பிராயம்.

சில மாதங்களுக்கு முன் இத்தாலி தேசத்தில் உத்தியோகம் பார்க்கும் நமது பழைய மாணாக்கர் ஒருவர் விடுமுறையில் ஊர் வந்தார். வந்தவர் நமக்கு ஒரு சிறு கண்ணாடிப் புட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். உள்ளே இருந்தது கருப்பட்டிப் பாகு போன்ற நிறத்தில் ஒரு தேன். வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கு அரைக் கரண்டி கொடுத்தோம். நாக்கில் வைத்ததும் தித்திப்பு. அடுத்த நிமிஷத்தில் கசப்பு. கசப்பு போன பின்பும் கடுக்காயைக் கடித்தாற்போல ஒரு துவர்ப்பு. "இது தேன் இல்லை, லேகியம்" என்று ஒரு தீர்ப்புப் பிறந்தது. "கெட்டுப் போயிருக்கும், தூர எடுத்து வையுங்கள்" என்று இன்னொரு தீர்ப்பு. சிறுவர்கள் ஜலம் குடிக்க ஓடினார்கள்.

அது கெட்டுப் போகவில்லை. அது செஸ்ட்நட் மரத்துத் தேன். நாம் பலாக்கொட்டையைச் சுட்டுத் தின்பதுபோல, ஐரோப்பாவில் குளிர்காலத் தெருக்களில் சுட்டு விற்கிறார்களே, அந்தக் கொட்டையைத் தரும் மரம். இத்தாலியின் மலைக் கிராமங்களிலும் பிரான்ஸின் தென்பகுதி மலைகளிலும் கோதுமை விளையாத இடங்களில் ஏழை ஜனங்கள் இந்தக் கொட்டையை உலர்த்தி மாவாக்கி ரொட்டியும் கஞ்சியும் செய்து பசி தீர்த்தார்கள். அதனால் இதற்கு 'ரொட்டி மரம்' என்றே ஒரு பெயர் உண்டு. ஜூன், ஜூலை மாதங்களில் மரம் முழுவதும் வெளிர் மஞ்சள் சரங்களாகப் பூக்கும். பூவின் வாசனை எல்லோருக்கும் பிடிப்பதல்ல. அந்த வாசனையும், மரத்திலுள்ள துவர்ப்பும் தேனிலும் வந்து இறங்குகின்றன. அந்த ஊர்க்காரர்கள் அதைக் குற்றமாகக் கருதுவதில்லை. முற்றின பாலாடைக் கட்டியின் மேல் ஊற்றிச் சாப்பிடுவதற்கு இதுதான் ஏற்றது என்று தேடி வாங்குகிறார்கள். பழச் சர்க்கரை அதிகமாயிருப்பதால் இந்தத் தேன் நெடுநாள் உறையாமல் பாகாகவே இருக்கும்.

தேனுக்குள் கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் தூள் இருக்கிறது. அதைப் பூதக்கண்ணாடியில் எண்ணிப் பார்த்து, எந்தப் பூவின் தேன் என்று கண்டுபிடிக்கிறார்கள். சாதாரணமாக, மகரந்தத்தில் நூற்றுக்கு 45 பங்கு ஒரு பூவினுடையதாயிருந்தால் அந்தப் பூவின் பெயரைத் தேனுக்குக் கொடுத்துவிடலாம். செஸ்ட்நட் விஷயத்தில் அந்தச் சலுகை கிடையாது. அதன் மகரந்தம் மிகப் பொடியாகவும் ஏராளமாகவும் இருப்பதால், நூற்றுக்கு 90 பங்காவது இருந்தால்தான் ஒப்புக்கொள்வார்கள். ஒரு பெயரைப் புட்டியின் மேல் ஒட்டுவதற்கு இவ்வளவு பரீட்சை! நம் பள்ளிக்கூடங்களில்கூட நூற்றுக்கு 35 வாங்கினால் தேர்ச்சி.

ஒரே மரத்துத் தேன் என்று ஒன்று எப்படிச் சாத்தியம், தேனீ கண்ட பூவிலெல்லாம் உட்காராதா என்று சிலர் கேட்கலாம். உட்காராது என்பதுதான் ஆச்சரியம். ஒரு தேனீ ஒரு பயணத்தில் ஒரே ஜாதிப் பூவையே நாடிப் போகும். இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே கிரேக்க தேசத்து அரிஸ்டாட்டில் இதைக் கவனித்து எழுதிவைத்திருக்கிறார். ஆகவே, ஒரு வட்டாரத்தில் ஒரு மரம் கொள்ளையாகப் பூக்கும் காலத்தில் கூட்டைத் திறந்து தேன் எடுத்தால், அந்த மரமே புட்டிக்குள் வந்துவிடும்.

சரி, இத்தாலிக்காரனுக்கு செஸ்ட்நட் இருந்தால் நமக்கு என்ன இருக்கிறது?

நமக்கு நாவல் இருக்கிறது. நாவல் மரம் பங்குனி, சித்திரையில் பூக்கிறது. பழத்தில் தித்திப்போடு துவர்ப்பும் இருப்பதைச் சிறு வயதில் நாக்கை நீலமாக்கிக்கொண்டு நாம் எல்லோரும் அறிந்திருக்கிறோம். அதன் பூவிலிருந்து வரும் தேனும் கறுத்த நிறம். அதிலும் தித்திப்புக்குப் பின்னால் ஒரு கசப்பு. நீலகிரிக் காடுகளில் நாவல் ஜாதி மரங்கள் பூக்கும் பருவத்தில் இறக்கும் தேனைக் 'கசப்புத் தேன்' என்று வேறாக வைத்து விற்கிறார்கள். அங்கே குறும்பர்களும் இருளர்களும் கொடிகளால் நூலேணி கட்டிச் செங்குத்தான பாறைகளில் தொங்கிக்கொண்டு பெருந்தேனீயின் அடைகளை எடுக்கிறார்கள். இந்தத் தொழிலை அருகிருந்து ஆராய்ந்து, தேனுக்கு நியாய விலை கிடைக்கும்படி செய்வதில் கோத்தகிரியிலுள்ள கீஸ்டோன் ஸ்தாபனம் 1990களிலிருந்து உழைத்து வருகிறது. நம் வீட்டில் 'கெட்டுப் போனது' என்ற தீர்ப்பு இத்தாலித் தேனுக்கு மட்டும் ஏற்பட்டதல்ல. நாவல் தேனுக்கும் சமவெளி வீடுகளில் அதே தீர்ப்புத்தான் கிடைத்து வருகிறது.

பூவின் பெயரைச் சொல்லித் தேனைச் சிறப்பிக்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையில் மூன்றாம் பாட்டைப் பாடிய தேவகுலத்தார் வெறுமனே 'தேன்' என்று சொல்லி நிறுத்தவில்லை. மலைச்சாரலில் பூக்கும் குறிஞ்சியின் தேன் என்று பூவையும் நிலத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறார். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. மலையில் வாழ்பவர்கள் அந்த வருஷத்துத் தேனுக்காகக் காத்திருக்கிறார்கள். நாமோ குறிஞ்சியைப் பரீட்சைக்கு 'முதற்பொருள், கருப்பொருள்' என்று நெட்டுருப் போட்டதோடு விட்டுவிட்டோம்.

வைத்திய நூல்களிலும் இந்த விவேகம் இருந்தது. சித்த வைத்தியர்கள் தேனை மலைத்தேன், கொம்புத்தேன், மரப்பொந்துத் தேன், மனைத்தேன், புற்றுத்தேன் என்று ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் சொன்னார்கள். இது பூவைக்கொண்டு செய்த பிரிவல்ல. கூடு இருக்கும் இடத்தைக்கொண்டு செய்த பிரிவு. இன்றைய ஜந்து சாஸ்திரத்தோடு வைத்துப் பார்த்தாலும் அது வெறும் கற்பனையல்ல. பாறையிலும் உயர்ந்த மரங்களிலும் ஒரே பெரிய அடையாகக் கட்டுவது பெருந்தேனீ. செடி கொம்புகளில் உள்ளங்கையளவு அடை கட்டுவது கொம்புத்தேனீ. மரப்பொந்தின் இருட்டில் பல அடைகளை வரிசையாகத் தொங்கவிடுவது அடுக்குத்தேனீ. பெட்டியில் வைத்து வளர்க்கத் தோதானது இதுவே. சுவர் இடுக்கில் மெழுகுக் குழாய் வைத்து வாசல் கட்டும் கொசுத்தேனீ என்று ஒன்று உண்டு, அது கொட்டாது. அது தரும் தேன் ஒரு வருஷத்துக்குச் சில கரண்டிதான், சற்றுப் புளிக்கும். வைத்தியர்கள் அதற்குத் தனி மதிப்பு வைத்திருக்கிறார்கள்.

இதெல்லாம் மலையைச் சேர்ந்த சமாசாரம், காவேரிக் கரையில் ஏது தேன் என்று நேயர்கள் நினைக்கக்கூடும். நெல்லை மட்டும் பார்த்தால் அந்த நினைப்புச் சரியே. நெற்பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்ளும் ஜாதி. பூச்சிகளை விருந்துக்கு அழைக்க வேண்டிய அவசியம் அதற்கில்லை. ஆகவே அதில் தேன் கிடையாது. காலை வேளையில் தேனீ வந்து கொஞ்சம் மகரந்தத்தை மட்டும் சேகரித்துப் போகும். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைக் கடலாயிருக்கும் நம் வயல்கள் தேனீக்குப் பாலைவனம்.

ஆனால் வயலைச் சுற்றி வரப்பிருக்கிறது; ஆற்றங்கரை, குளக்கரை, கோயில் நந்தவனம், கொல்லைப்புறம் எல்லாம் இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் வாய்க்கால் கரையிலுள்ள புங்க மரத்தடியில் போய் நின்று பாருங்கள். பொரி பொரியாகப் பூ உதிர்ந்து கிடக்கும். தலைக்குமேல் தம்புரா மீட்டுவது போல ரீங்காரம் கேட்கும். வேம்பும் புளியும் அந்தக் காலத்தில்தான் பூக்கும். தென்னை வருஷம் முழுவதும் பாளை விட்டுக்கொண்டிருக்கும். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து வாழைக் கொல்லைகளில் பூவைப் பறித்து அடியை உறிஞ்சித் தேன் குடிக்காத பிள்ளையுண்டா? சம்பா அறுவடைக்கு முன் ஈரத்தில் தெளித்த உளுந்தும் பயறும் மாசியில் பூக்கின்றன. கோடையில் எள் பூக்கிறது. நெல்லுக்கும் நெல்லுக்கும் இடையிலுள்ள இந்தப் பருவந்தான் டெல்டாத் தேனீக்கு அறுவடைக் காலம்.

'ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை' என்று பழமொழி சொல்லுகிறோம். இலுப்பைக்கு சம்ஸ்கிருதத்தில் 'மதூகம்'. 'மது'வைத் தன்னிடத்தே உடையது. மயிலாடுதுறைப் பக்கத்தில் இலுப்பைப்பட்டு என்று ஊரே இருக்கிறது. அங்குள்ள சிவாலயத்துக்கு இலுப்பைதான் ஸ்தல விருக்ஷம். கோயில் விளக்குக்கு எண்ணெய் தந்த இந்த மரங்கள் ஒரு காலத்தில் தோப்புத் தோப்பாக இருந்தன. தோப்புக்கள் போய்விட்டன, பழமொழியும் ஊர்ப் பெயரும் மிச்சம்.

தேனையும் தேனீயையும் நம் முன்னோர் எவ்வளவு கௌரவித்தார்கள் என்பதற்கு இந்தச் சீமையிலேயே மூன்று கோயில்கள் சாட்சி. திருவாரூர் ஜில்லா நன்னிலத்தில் கோச்செங்கட் சோழன் எடுப்பித்ததாகச் சொல்லும் மாடக்கோயிலில் ஸ்வாமிக்கு மதுவனேசுவரர் என்று திருநாமம். விருத்திராசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் தேனீ வடிவங்கொண்டு இந்த மதுவனத்தில் வழிபட்டார்களாம். அதே ஜில்லாவில் திருக்கண்ணமங்கை பக்தவத்ஸலப் பெருமாள் கோயிலில் தாயார் சந்நிதியில் ஒரு தேன்கூடு உண்டு. பெருமாளின் திருக்கல்யாணத்தை ஓயாமல் தரிசிக்க விரும்பிய தேவர்களே தேனீக்களாக வந்து அங்கே தங்கிவிட்டார்கள் என்பது ஐதீகம். சேவிக்க வருகிறவர்கள் கூட்டையும் சேவித்துவிட்டுப் போகிறார்கள். தீவட்டியைத் தூக்கிக்கொண்டு வருவாரில்லை.

மூன்றாவது, கும்பகோணத்தை அடுத்த திருப்புறம்பியம். ஒன்பதாம் நூற்றாண்டில் பல்லவர் பக்கம் நின்ற சோழர்களுக்கும் பாண்டியனுக்கும் பெரும் போர் நடந்து, சோழ சாம்ராஜ்யத்துக்கு வித்திட்ட இடமென்று சரித்திரம் படித்தவர்கள் அதை அறிவார்கள். அங்கே பிரளயம் காத்த விநாயகர் இருக்கிறார். கிளிஞ்சல், சங்கு, கடல் நுரை ஆகியவற்றாலான திருமேனி என்பார்கள். அவருக்கு மற்ற நாட்களில் அபிஷேகமே கிடையாது. விநாயக சதுர்த்தி இரவில் மட்டும் விடிய விடியத் தேனபிஷேகம். ஊற்றிய தேன் முழுவதும் திருமேனிக்குள்ளேயே சுவறிவிடுகிறது என்று பக்தர்கள் கண்டு பரவசப்படுகிறார்கள். அந்த இரவுக்கு எங்கெங்கிருந்தோ புட்டி புட்டியாகத் தேன் வந்து சேருகிறது. அந்தப் புட்டிகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை. அந்த ஊர் ஸ்வாமிக்கு சாட்சிநாதர் என்று திருநாமம்.

கவலைக்குக் காரணம் சொல்லிவிடுகிறோம். 2020ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் என்னும் ஸ்தாபனம், இந்தியாவில் விற்பனையாகும் 13 பெயர்பெற்ற தேன்களைச் சோதித்த முடிவை வெளியிட்டது. ஜெர்மனி தேசத்துச் சோதனைச்சாலை ஒன்றில் காந்த அதிர்வு முறையில் செய்த நுட்பமான பரீட்சையும் அதில் அடக்கம். எல்லாப் பரீட்சைகளிலும் தேறியவை மூன்றே. வியாபாரிகள் தங்கள் சரக்கு சுத்தமானதென்றும், இந்திய சட்டம் கேட்கும் சோதனைகளில் தேறியதென்றும் மறுத்தார்கள். வாதம் அதுதான்: சட்டம் கேட்கும் கேள்விக்கு விடை தயாரித்துக்கொண்டு வரும் சாமர்த்தியமான பாகுகள் வந்துவிட்டன.

இதன் சூக்ஷ்மத்தை நெல் விளைவிக்கும் நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கரும்பும் மக்காச்சோளமும் சூரிய வெளிச்சத்தைக்கொண்டு சர்க்கரை செய்யும் முறை ஒன்று. தேனீ நாடும் பெரும்பாலான பூச்செடிகளின் முறை வேறு. இரண்டு முறைகளும் சர்க்கரையிலுள்ள கரியில் வெவ்வேறு அடையாளம் வைக்கின்றன. ஆகவே கரும்புச் சர்க்கரைப் பாகைக் கலந்தால் சோதனையில் அகப்பட்டுவிடும். நெல்லோ, பூச்செடிகளின் முறையைச் சேர்ந்தது. அரிசியிலிருந்து காய்ச்சிய பாகு அந்தச் சோதனைக்கு அகப்படாமல் நழுவிவிடும். அரிசி வாங்கும்போது அத்தனை குறுக்கு விசாரணை செய்யும் நாம், அதே அரிசியின் பாகு தேன் வேஷம் போட்டுக்கொண்டு வந்தால் நமஸ்காரம் செய்து வாங்கி வைத்துக்கொள்கிறோம்!

வீட்டிலே செய்யும் பரீட்சைகள் இதற்குச் சற்றும் பிரயோஜனப்படா. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் இறங்க வேண்டும், திரியை நனைத்துக் கொளுத்தினால் எரிய வேண்டும், மை ஒற்றும் காகிதத்தில் ஊறக்கூடாது, நாய் நக்காது, எறும்பு மொய்க்காது என்றெல்லாம் சொல்லுகிறோம். கெட்டியான எந்தப் பாகும் தண்ணீரில் இறங்கும். எறும்புக்குத் தேனும் ஒன்றுதான், பாகும் ஒன்றுதான். இதைவிட அநியாயம், புட்டியில் தேன் உறைந்துவிட்டால் 'சர்க்கரை கலந்திருக்கிறான்' என்று சொல்லித் தள்ளிவிடுவது. அநேகமாக எல்லா நல்ல தேனும் நாளடைவில் உறையக்கூடியதே. எவ்வளவு சீக்கிரம் என்பது பூவைப் பொறுத்தது. இன்னும் நம் அடுக்குத்தேனீயின் தேனில் இயற்கையிலேயே சற்று ஈரம் அதிகம். அதைப் பார்த்து 'தண்ணீர் கலந்தது' என்று ஒதுக்குகிறோம். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் கூடாதென்பது இப்போதைய விதி. எண்ணெய் போல ஒரே நிறத்தில், ஒரே கெட்டியில், வருஷம் பன்னிரண்டு மாதமும் மாறாதிருப்பதைத்தான் சுத்தம் என்று நாம் நினைத்துவிட்டோம். அந்தச் சுத்தத்தைப் பூவினால் கொடுக்க முடியாது. தொழிற்சாலையால்தான் கொடுக்க முடியும்.

தேனீ வளர்ப்பு நம் பக்கத்துக்கு அந்நியமான தொழிலல்ல. நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்களுக்கு முன், திருச்சிராப்பள்ளியிலிருந்த நியூட்டன் பாதிரியார் நம் நாட்டு அடுக்குத்தேனீயின் உடலளவுக்கேற்ற சிறு பெட்டி ஒன்றை அமைத்துக் கிராமத்தார்க்குக் கற்றுக்கொடுத்தார். இன்றும் அது 'நியூட்டன் பெட்டி' என்றே வழங்குகிறது. 1934-ல் காந்தியடிகள் வார்தாவில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஆரம்பித்தபோது, அதன் காரியதரிசியாகப் பொறுப்பேற்ற ஜே. ஸி. குமரப்பா 1892-ல் இந்தத் தஞ்சாவூரில் பிறந்தவர். கைக்குத்தல் அரிசி, செக்கெண்ணெய் முதலியவற்றோடு தேனீ வளர்ப்பும் சங்கத்தின் காரியங்களில் ஒன்று. அவர் 1945-ல் வெளியிட்ட 'எகானமி ஆப் பெர்மனென்ஸ்' என்ற நூலில் பொருளாதார வாழ்க்கையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறார். கொன்று தின்னும் புலி கீழ்ப்படி. தான் நடாத மாமரத்தில் பழம் பறிக்கும் குரங்கு அடுத்த படி. தன் உழைப்பால் கூடு கட்டிக்கொள்ளும் பறவை அதற்கு மேல். தனக்கென்றில்லாமல் கூட்டம் முழுவதுக்குமாகச் சேர்த்து வைக்கும் தேனீ அதற்கும் மேல். தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடங்களில் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்க்கலாம். நாம் கேட்டுப் பார்த்தோம். எண்ணிக்கையைச் சொல்ல மனம் வரவில்லை.

இந்தத் தொழில் வேரூன்றித் தழைத்தது கன்னியாகுமரி ஜில்லா மார்த்தாண்டத்தில். திருவிதாங்கூர் ராஜ்யமாயிருந்த நாளில், 1920களில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தின் ஸ்பென்ஸர் ஹாட்ச் அங்கே கிராமப் புனருத்தாரண நிலையம் வைத்துத் தேனீ வளர்ப்பைப் பரப்பினார். இன்று அங்கே ரப்பர்த் தோட்டங்களில் தேன் பெருகுகிறது. அந்தத் தேன் பூவிலிருந்து வருவதே இல்லை! இலையுதிர்ந்து புதுத் தளிர் விடும் காலத்தில், தளிரின் காம்பு சேருமிடத்தில் மரமே தேன் சுரக்கிறது. 1990களின் ஆரம்பத்தில் 'தாய் ஸாக்புரூட்' என்ற நச்சுநோய் வந்து புழுக்களைக் கொன்று, தென்னாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றைக் காலி செய்தது. பிறகு பலர் இத்தாலியத் தேனீயை நாடினார்கள். எஞ்சிய நாட்டுத் தேனீ மெள்ள மெள்ள மீண்டது. 2023-ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ப் பெயரைச் சொல்லி வாங்கக்கூடிய தேன் தமிழ்நாட்டில் ஒன்றாவது உண்டென்று சட்டபூர்வமாகிவிட்டது.

டெல்டாவில் நிலைமை அப்படியில்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கமாகக் கரையேறிய கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களின் தென்னையைச் சாய்த்தபோது, தேங்காய்க்காரர்களின் நஷ்டத்தைக் கணக்கெடுத்தார்கள். தேனீயின் நஷ்டத்துக்கு யார் மனுக் கொடுப்பது? மரம் மறுபடி வைத்தாகிறது; மருந்தடிப்பதுதான் ஓயாத புயல். உளுந்தும் எள்ளும் பூத்திருக்கும்போது காலை எட்டு மணிக்குத் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினால், பூவில் உட்கார்ந்திருப்பவை எல்லாம் மடிகின்றன. அவசியம் அடிக்கத்தான் வேண்டுமென்றால், தேனீ கூட்டுக்குத் திரும்பிவிட்ட சாயங்காலத்தில் அடிக்கலாம். இதற்குக் காலணாச் செலவில்லை. தென்னையில் தேனீ நடமாடினால் குரும்பை அதிகம் பிடிக்கும் என்பதையும் மிராசுதாரர்கள் காதில் போட்டு வைக்கிறோம்.

இனி வீட்டுப் பிரயோகம். முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவிச் 'சேனை' வைக்கும் வழக்கம் நம் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்து வருகிறது. வைக்கிறவரின் குணம் குழந்தைக்கு வரும் என்று நல்லவராகப் பார்த்து வைக்கச் சொல்வார்கள். பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஒரு துளியும் கூடாது. சுத்தமான தேனிலும் 'போட்டுலிஸம்' என்னும் கொடிய வியாதியை உண்டாக்கும் கிருமியின் வித்துக்கள் இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிற்றில் அவை அடங்கிவிடும். பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்கச் செய்துவிடும். வீட்டில் காய்ச்சுவதால் அந்த வித்துக்கள் சாவதில்லை. நல்லவர் தாராளமாக வந்து ஆசீர்வாதம் செய்யட்டும், தேன் வேண்டாம்.

மற்றவர்களுக்கு மருந்துப் பொடியைக் குழைத்துக் கொடுக்கும் அனுபானமாகவும், தினைமாவோடும், தேனில் ஊறின நெல்லிக்காயாகவும் பழைய பிரயோகங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவை நம் வீட்டு ஸ்திரீகளுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல. அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாதென்று வைத்தியர்கள் சொன்னது சரியே. வாசனையும் குணமும் போய்விடும். உறைந்த தேனை இளஞ்சூடான வெந்நீரில் புட்டியோடு வைத்தால் இளகிவிடும். ஈரக் கரண்டி போடாதீர்கள். ஐப்பசி மழையில் மூடியைத் திறந்து வைத்தால் தேன் ஈரத்தை இழுத்துக்கொண்டு புளித்து நுரைக்கும். நீரிழிவுக்காரர்கள் 'தேன்தானே' என்று எண்ணி ஏமாற வேண்டாம், அதுவும் சர்க்கரையே.

கசப்புத் தேனுக்குப் பக்குவம் வேறு. பாயசத்தில் விட்டால் பாயசமும் கெடும், தேனும் வீணாகும். தயிரின் மேல் ஒரு கரண்டி விட்டுப் பாருங்கள். அல்லது கேழ்வரகு அடையின் மேல். சுட்ட பலாக்கொட்டையோடும் நாம் சோதித்தோம், இத்தாலிக்காரன் தோற்றான்.

நீலகிரியில் நாவல் பூத்து முடிந்து அந்தத் தேன் இறங்குவதற்கு வைகாசி, ஆனி ஆகும். இப்போதிருந்தே தெரிந்த கடையில் சொல்லி வைக்கலாம். "எந்த மரத்துத் தேன், எந்த மாதம் எடுத்தது?" என்று முதல் முறை கேட்டபோது நம் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். மூன்றாம் முறை, "விசாரித்து வைக்கிறேன் ஸார்" என்றார்.